எழுத்தில் வெட்டினால் பேச்சில் என்ன நடக்கிறது? முதியோர் நேர்காணல்களும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும்

நம் ஊர்களில் இப்போது பதிவு செய்வதற்குக் குறைவில்லை. எல்லார் கையிலும் கமரா உள்ள ஃபோன் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் நினைவுகள், வயல் வேலைக்காலத்தில் பாடிய கவிகளை இன்னும் மறக்காத ஒரு மூத்தம்மா, 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பமொன்றின் கதை, 2004 சுனாமியில் கரையோரக் கிராமமொன்று கண்டது என்று மணித்தியாலக் கணக்கில் எடுத்து வைத்திருக்கிறோம். ஆனால் அவற்றில் பெரும்பகுதி ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கிறது. எடுப்பது ஒரு பின்னேர வேலை. தொகுப்பதோ வாரக்கணக்கில் இழுபடும் வேலை. "பிறகு பார்ப்பம்" என்று வைத்தது வைத்தபடியே இருந்துவிடுகிறது.

இந்தச் சுணக்கத்தைக் குறைக்க இப்போது ஒரு வழி வந்திருக்கிறது. பேசுவதைக் கருவி தானே எழுத்தாக்கும். அந்த எழுத்தில் நாம் ஒரு வரியை அழித்தால் வீடியோவிலும் அந்த இடம் வெட்டுப்படும். ஒரு பந்தியைத் தூக்கி மேலே வைத்தால் காட்சியும் மேலே போகும். எழுதத் தெரிந்தவர் எடிட் பண்ணலாம் என்ற நிலை. இது எப்படி நடக்கிறது, நம்முடைய தமிழுக்கு இது எந்தளவு ஒத்துவரும், எங்கே நாம் கவனமாக இருக்க வேண்டும் என்பவற்றை இங்கே பார்ப்போம்.

பழைய வேலை, புதிய வேலை

எழுத்தைப் பார்த்து வெட்டுவது முற்றிலும் புதிய யோசனை அல்ல. ஆவணப்படம் எடுப்போர் நெடுங்காலமாகச் செய்துவந்த வேலை அது. நேர்காணலைக் கேட்டு முழுவதையும் எழுதுவார்கள். எழுதிய தாள்களை மேசையில் பரப்பி, வேண்டிய பகுதிகளைக் கோடிட்டு, கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டி ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவருவார்கள். அதற்குப் பிறகுதான் படத்தில் கை வைப்பார்கள். 'தாள் எடிட்' என்று இதற்குப் பெயர். இதில் கஷ்டமான பகுதி எழுதுவதுதான். ஒரு மணித்தியாலப் பேச்சைக் கையால் எழுத நான்கு முதல் ஆறு மணித்தியாலம் பிடிக்கும் என்பது இந்தத் துறையில் உள்ளோரின் பொதுவான கணக்கு. எழுதி முடித்த பிறகும், தாளில் உள்ள வரி வீடியோவில் எந்த நிமிடத்தில் இருக்கிறது என்று ஓட்டி ஓட்டித் தேட வேண்டும்.

எழுத்துப்படியையும் நேர்காணல் வீடியோவையும் கணினியில் ஒன்றாகப் பிணைத்து, எழுத்திலேயே வெட்டும் ஒரு கருவியை 2012இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தினரும் அடோபி நிறுவனத்தினரும் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார்கள். பின்னர் டிஸ்கிரிப்ட் என்ற மென்பொருள் இதையே தன் முழு வழிமுறையாக வைத்துச் சந்தைக்கு வந்தது. 2023இல் அடோபி பிரீமியர் ப்ரோவும் டாவின்சி ரிசோல்வும் இந்த வசதியைச் சேர்த்துக்கொண்டன. இலவசமாகக் கிடைக்கும் கேடென்லைவ் என்ற எடிட்டிங் மென்பொருளிலும் பேச்சை எழுத்தாக்கி, எழுத்தைத் தெரிவுசெய்து வெட்டும் பகுதி உண்டு.

உள்ளே நடப்பது என்ன?

கருவி செய்வது இரண்டு வேலை. முதலாவது, ஒலியைக் கேட்டுச் சொற்களாக எழுதுவது. இரண்டாவது, ஒவ்வொரு சொல்லுக்கும் அது தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் குறித்துக்கொள்வது. "அண்டைக்கு வெள்ளிக்கிழமை" என்று ஒருவர் சொன்னால், 'அண்டைக்கு' என்பது 12.40 வினாடியில் தொடங்கி 12.95இல் முடிந்தது, 'வெள்ளிக்கிழமை' 13.02இல் தொடங்கி 13.80இல் முடிந்தது என்று ஒரு பட்டியல் உருவாகும். நாம் திரையில் காணும் எழுத்துக்குப் பின்னால் இந்தப் பட்டியல் ஒளிந்திருக்கிறது.

'வெள்ளிக்கிழமை' என்ற சொல்லை அழித்தால் கருவி உங்கள் மூலப் பதிவைத் தொடுவதில்லை. 13.02 முதல் 13.80 வரை ஓட்டாமல் தாண்டு என்று ஒரு கட்டளையை மட்டும் எழுதிக்கொள்கிறது. அதனால் எப்போது வேண்டுமானாலும் அழித்ததை மீட்கலாம். பயப்படாமல் பழகிப் பார்க்கலாம்.

ஆனால் பட்டியலில் உள்ள நேரம் ஒரு மதிப்பீடுதான். பத்தில் ஒரு வினாடி முன்பின்னாகப் போவது சாதாரணம். நம் நாட்டில் வழக்கமான, வினாடிக்கு 25 பிரேம் ஓடும் வீடியோவில் பத்தில் ஒரு வினாடி என்பது இரண்டரைப் பிரேம். மூச்சின் நடுவில், ஒரு மெய்யெழுத்தின் நடுவில் வெட்டு விழ அது போதும். எழுத்தில் வெட்டியதைக் காதால் கேட்டு, டைம்லைனில் சற்று முன்பின் நகர்த்திச் சரிசெய்வது கட்டாயம். அத்தோடு, ஒரே கோணத்தில் எடுத்த வீடியோவில் நடுவே வெட்டினால் பேசுபவரின் தலை துள்ளுவது போலத் தெரியும். அந்த இடத்தை மூட அவருடைய கை, வீட்டு முற்றம், பழைய படம், கையெழுத்துக் கொப்பி போன்ற காட்சிகளைத் தனியாக எடுத்து வைத்திருக்க வேண்டும்.

கருவிக்கு எந்தத் தமிழ் தெரியும்?

பேச்சை எழுத்தாக்கும் கருவிகளில் இன்று பரவலாகப் பாவனையில் உள்ளது விஸ்பர். ஓபன்ஏஐ நிறுவனம் இதை 2022 செப்டெம்பரில் எவரும் இறக்கிப் பயன்படுத்தும்படி வெளியிட்டது. 680,000 மணித்தியால ஒலியைக் கொண்டு இது பழக்கப்பட்டது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆங்கிலப் பேச்சு. ஆங்கிலம் அல்லாத 96 மொழிகளைக் கேட்டு அந்தந்த மொழியிலேயே எழுதப் பழக்கியது ஏறத்தாழ 117,000 மணித்தியாலம். தமிழ் அந்த 96இல் ஒன்று. அந்தத் தமிழுக்குள்ளும் காத்தான்குடிப் பேச்சுக்கோ, புத்தளப் பேச்சுக்கோ, பேருவளைப் பேச்சுக்கோ என்ன இடம் இருந்திருக்கும் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

கருவி கேட்டதை அப்படியே எழுதுவதில்லை. கேட்ட ஒலிக்கு, தான் முன்பு பார்த்த சொற்களில் எது பொருந்தும் என்று கணித்து எழுதுகிறது. ஆகவே அது அறியாத சொல் வரும்போது அறிந்த சொல்லொன்றின் பக்கம் சாய்ந்துவிடும். நம் 'வாப்பா' அதன் கையில் 'அப்பா' ஆகலாம். கிழக்கில் 'பிறகு' என்ற பொருளில் சொல்லும் 'மறுகா' என்னவாகும் என்று சொல்ல முடியாது. 'மௌத்து', 'நிய்யத்து', 'ஹயாத்து', 'ராத்தா' போன்றவை எல்லாம் ஆபத்தான இடங்கள். இடையில் வரும் சிங்களச் சொல்லும் அப்படித்தான். ஊர்ப் பெயர்களும் ஆட்பெயர்களும் கேட்கவே வேண்டாம்.

இது எழுத்துப்பிழை அளவில் நிற்கும் விஷயம் அல்ல. பேராசிரியர் எம்.ஏ. நுஃமான் போன்றோர் இலங்கை முஸ்லிம்களின் பேச்சுத் தமிழை ஆய்வுக்குரிய ஒன்றாக எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். எஸ். முத்துமீரான் போன்றோர் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களை ஊர் ஊராகத் தேடித் தொகுத்தார்கள். அவர்கள் காதால் கேட்டதைக் கேட்டபடி எழுதியதால்தான் அந்தச் சொற்கள் இன்று நம்மிடம் இருக்கின்றன. கருவி தந்த எழுத்துப்படியைத் திருத்தாமல் வைத்தால், நாளை தேடுபவருக்கு 'வாப்பா' கிடைக்காது, 'அப்பா'தான் கிடைக்கும்.

தமிழ் வாக்கியத்தின் வால்

ஆங்கிலத்துக்காக உருவான இந்த வழிமுறையில் தமிழுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஆங்கில வாக்கியத்தில் யார், என்ன செய்தார், செய்தாரா இல்லையா என்பதெல்லாம் முன்பகுதியிலேயே பெரும்பாலும் வந்துவிடும். தமிழில் வினை கடைசியில் வருகிறது. மறுப்பும் கடைசியில். 'நான் பார்த்தேன்' என்பதா 'பிறர் சொல்லக் கேட்டேன்' என்பதா என்பதும் கடைசியில்.

மூன்று உதாரணம் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக எழுதப்பட்டவை.

"அவங்க வரமாட்டாங்க எண்டு நெனச்சம்." நீளத்தைக் குறைக்கிறேன் என்று கடைசி இரண்டு சொல்லையும் அழித்தால், "அவங்க வரமாட்டாங்க" என்று உறுதியாகச் சொன்னதாக ஆகிவிடும். நினைப்பு செய்தியாகிவிட்டது.

"கடைய எரிச்சாங்களாம்." இதில் அந்தச் சிறிய 'ஆம்' தான் முக்கியம். பேசியவர் கண்ணால் காணவில்லை, கேள்விப்பட்டதைச் சொல்கிறார். கருவி இதை "கடைய எரிச்சாங்க" என்று எழுதிவிட்டால், எழுத்தை மட்டும் பார்த்து வேலை செய்யும் தொகுப்பாளர் ஒரு கண்கண்ட சாட்சியை உருவாக்கிவிடுவார். சப்டைட்டிலிலும் மொழிபெயர்ப்பிலும் அதுவே போகும்.

மூன்றாவது இன்னும் பாரதூரமானது. வடக்கிலிருந்து வந்த ஒருவர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "எங்கள வெளிக்கிடச் சொன்னாங்க. பக்கத்து வீட்டு அக்கா கதறி அழுதா. அவட மனுசன்தான் எங்கட சாமான ஏத்தித் தந்தார். ஆனா ஒருத்தரும் வந்து தடுக்கல்ல." நடு இரண்டு வரியை எடுத்துவிட்டால் அயலவர் எல்லாரும் கல்நெஞ்சர். கடைசி வரியை எடுத்துவிட்டால் எல்லாரும் நல்லவர். நான்கு வரியும் சேர்ந்துதான் அந்த மனிதரின் அனுபவம். முன்பெல்லாம் இப்படி வெட்டுவதற்குப் பொறுமையாக உட்கார்ந்து வேலை செய்ய வேண்டியிருந்தது. இப்போது ஒரு வரியைத் தெரிவுசெய்து அழிக்க ஒரு வினாடி போதும். இலகுவாகிவிட்ட வேலையில் யோசிக்கும் நேரமும் குறைந்துவிடுகிறது.

மௌனத்துக்கு எழுத்து இல்லை

எழுத்துப்படியில் தெரியாத ஒன்று மௌனம். ஒரு தாய் தன் பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது பத்து வினாடி பேசாமல் இருக்கிறாள். வீடியோவில் அதுதான் மிகப் பாரமான இடம். எழுத்தில் அது ஒரு வெற்றிடம். பல கருவிகளில் 'இடைவெளிகளை நீக்கு' என்றொரு பட்டன் உண்டு. 'ம்', 'வந்து', 'என்ன' போன்ற இழுவைகளையும் ஒரேயடியாக நீக்கலாம். சமையல் குறிப்பு வீடியோவுக்கு அது நல்ல வசதி. ஒரு சாட்சியத்தில் அந்தப் பட்டனை அழுத்தினால், தயங்கித் தயங்கிச் சொன்ன பெண், மனப்பாடம் செய்து ஒப்புவித்தவள் போல ஆகிவிடுவாள்.

மௌனத்தில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. விஸ்பர் சில வேளைகளில் யாரும் பேசாத இடத்தில் தானாக ஒரு வாக்கியத்தை எழுதிவிடும். அமெரிக்க ஆய்வாளர் குழுவொன்று 2024இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்தாக்கிய ஒலித்துண்டுகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றில் பேசாத சொற்றொடர்கள் முழுதாகச் சேர்ந்திருந்தன. நோயால் பேச்சுத் தடைப்பட்டு, இடையில் நீண்ட நேரம் நிறுத்தி நிறுத்திப் பேசியோரின் பதிவுகளில் இது கூடுதலாகக் காணப்பட்டது. அது ஆங்கிலப் பதிவுகளில் செய்த ஆய்வு. நாம் பதிவு செய்யப்போவதும் பெரும்பாலும் வயதானவர்களை. மூச்சு வாங்கி, நினைத்து நினைத்துக் கதைப்பவர்களை. நூற்றில் ஒன்று என்பது சிறிய எண்தான், ஆனால் அது எந்த ஒன்று என்று கேட்டுப் பார்க்காமல் தெரியாது.

சொல்லாததைச் சொல்ல வைத்தல்

சில கருவிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. ஒருவருடைய குரலைப் பழகிக்கொண்டு, நாம் தட்டச்சு செய்யும் சொல்லை அவருடைய குரலிலேயே பேசித் தரும். ஆண்டைத் தவறாகச் சொல்லிவிட்டார், திருத்திவிடலாமே என்று மனம் சொல்லும். விளம்பரக் குரல் கொடுப்பவர் தன் சொந்தக் குரலில் இதைச் செய்யலாம். நினைவுகளைச் சொல்லும் முதியவரின் வாயில் ஒரு சொல்லையும் நாம் வைக்கக் கூடாது. அவர் 1989 என்றாரா, 1989 என்றே இருக்கட்டும். சரியான ஆண்டைக் கீழே எழுத்தில், தொகுப்பாளரின் குறிப்பு என்று தெரியும்படி போடலாம்.

இந்த வேறுபாடு நமக்குப் புதியதல்ல. அறிவித்தவர் தன் சொந்தச் சொல்லை மூலத்தின் சொல்லோடு கலந்துவிட்ட ஹதீஸை 'முத்ரஜ்' என்று தனி வகையாகப் பிரித்து, எந்தச் சொல் எவருடையது என்று ஆராய்ந்தார்கள் ஹதீஸ் கலை அறிஞர்கள். கலந்தவர் பெரும்பாலும் விளக்கம் சொல்லும் நல்ல நோக்கத்தில்தான் கலந்திருப்பார். ஆனாலும் பிரித்துக் காட்டினார்கள். சாதாரண மனிதரின் சாட்சியம் அந்தத் தரத்தில் உள்ளதல்ல. ஆயினும் இன்னொருவர் சொல்லைக் கடத்தும்போது எது அவருடையது, எது நம்முடையது என்று காட்ட வேண்டும் என்ற ஒழுங்கு இங்கும் பொருந்தும்.

பேசுபவர் இடையில் ஓர் ஆயத்தையோ துஆவையோ ஓதினால், அந்த இடத்தில் கருவி தந்த எழுத்தைச் சப்டைட்டிலாக ஒருபோதும் விடக் கூடாது. தெரிந்த ஒருவர் முஸ்ஹஃபைப் பார்த்து எழுதித் தர வேண்டும்.

வேலை செய்யும் ஒழுங்கு

இதையெல்லாம் கேட்டு, "அப்ப இது நமக்கு வேணாமா?" என்று யாரும் பின்வாங்க வேண்டியதில்லை. இந்தக் கருவி இல்லாமல் பதிவுகள் ஹார்ட் டிஸ்க்கிலேயே அழிந்துபோவதைவிட, இதைக் கவனமாகப் பாவிப்பது எவ்வளவோ மேல். ஓர் ஒழுங்கை வைத்துக்கொண்டால் போதும்.

முதலில் ஒலி. ஃபோனின் மைக்கை மட்டும் நம்பாமல் சட்டையில் குத்தும் சிறிய மைக் ஒன்றைப் பாவியுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். ஒலி தெளிவாக இருந்தால் கருவியின் பிழை பாதியாகக் குறையாவிட்டாலும் வெகுவாகக் குறையும். பேச்சுத் தொடங்குமுன் யாரும் கதைக்காமல் அரை நிமிடம் அறையின் ஒலியை மட்டும் எடுத்து வையுங்கள். வெட்டிய இடங்களை ஒட்ட அது உதவும். மூலப் பதிவை இரண்டு வேறு இடங்களில் பிரதி செய்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

அடுத்து எழுத்துப்படி. கட்டண மென்பொருளுக்குப் பணம் கட்டுமுன் அதன் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். கூகுளின் பேச்சறி சேவையில் தமிழுக்கு இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று தனித்தனித் தெரிவுகள் உண்டு. அங்கே இலங்கையைத் தெரிவுசெய்யுங்கள். விஸ்பரைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டலாம். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளுக்குள் இருந்தும் அதை இயக்கலாம். மொழியைக் கருவியே கண்டுபிடிக்கட்டும் என்று விடாமல் தமிழ் என்று நீங்களே குறியுங்கள். மொழிபெயர்ப்பு என்ற தெரிவைத் தொடாதீர்கள், தொட்டால் ஆங்கிலத்தில் எழுதித் தரும். முன்கூட்டியே ஒரு சிறு சொற்பட்டியலைக் கொடுக்கவும் விஸ்பரில் வசதி உண்டு. ஊர்ப் பெயர், ஆட்பெயர், 'வாப்பா', 'மறுகா' போன்றவற்றை அதில் எழுதினால் அவை சரியாக வரும் வாய்ப்புக் கூடும்.

சொந்தக் கணினியில் ஓட்டுவதில் இன்னொரு நன்மை, பதிவு வெளியே போகாது. சாட்சியங்களில் மற்றவர்களின் பெயர்களும் குடும்ப விஷயங்களும் வரும். அவற்றை எங்கோ உள்ள சேவையகம் ஒன்றில் ஏற்றுமுன் பேசியவரிடம் கேட்க வேண்டும். முகம் காட்ட விரும்பாத பெண்கள் குரலை மட்டும் தரச் சம்மதிக்கலாம். அதையும் முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, திருத்தம். எழுத்துப்படியை முதலிலிருந்து கடைசி வரை ஒலியோடு சேர்த்து ஒருமுறை கேட்டுத் திருத்துங்கள். அந்த ஊர்ப் பேச்சுத் தெரிந்த ஒருவர் செய்வது நல்லது. வாக்கியத்தின் வாலில் உள்ள 'ஆம்', 'எண்டு', 'இல்ல' ஆகியவற்றில் கண் இருக்கட்டும். நீண்ட மௌனம் வரும் இடத்தில் அடைப்புக்குறிக்குள் 'மௌனம், 10 வினாடி' என்று எழுதி வையுங்கள். அப்போது எழுத்தைப் பார்த்து வெட்டுபவருக்கும் அது தெரியும்.

அதற்குப் பிறகு வெட்டலாம். முழு வாக்கியத்துக்குக் குறைவாக வெட்டாமல் இருப்பது பாதுகாப்பானது. வரிசையை மாற்றினால், காலவரிசை மாறுகிறதா என்று பாருங்கள். வெட்டி முடிந்ததும் திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் ஒருமுறை கேளுங்கள். தாவல், துண்டான மூச்சு எல்லாம் அப்போது பிடிபடும். கடைசியாக, பேசியவருக்கோ அவருடைய பிள்ளைகளுக்கோ போட்டுக் காட்டி, "நீங்க சொன்னது இதுதானா?" என்று கேட்டு ஒப்புதல் வாங்குங்கள்.

மீதி எங்கே?

பத்து நிமிட வீடியோ யூடியூப்பில் ஏறிவிடும். வட்ஸ்அப்பில் பரவும். வெட்டப்பட்ட எண்பது நிமிடம் என்னாகும்? ஆய்வாளருக்கும் வருங்காலத் தலைமுறைக்கும் அதுதான் பொக்கிஷம். பத்து நிமிடத்துக்குள் வந்தது நம் தெரிவு. எண்பது நிமிடத்துக்குள் இருப்பது அவர் வாழ்க்கை. திருத்திய முழு எழுத்துப்படியையும் முழுப் பதிவையும் சேர்த்து ஓர் ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணக் காப்பகங்கள் ஈழத்து ஆவணங்களைச் சேகரித்துப் பாதுகாக்கின்றன. ஊர்ப் பள்ளிவாசலும் பாடசாலை நூலகமும் ஒரு பிரதியை வைத்திருக்கலாம். தேதி, இடம், பேட்டி எடுத்தவர், எந்தக் கருவியால் எழுத்தாக்கப்பட்டது, யார் திருத்தினார் என்ற ஐந்து விவரத்தையும் அதோடு சேர்த்து எழுதி வைத்தால், பின்னால் வருபவர் அதை நம்பிப் பாவிக்கலாம்.

1990இல் இருபது வயதாக இருந்தவர்களுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அன்று நாற்பதில் குடும்பத்தைத் தாங்கியவர்களில் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்று ஒவ்வோர் ஊரும் எண்ணிப் பார்க்கட்டும். எழுத்தாக்கும் வேலையின் பெரும்பகுதியைக் கருவி செய்து தருகிறது. மிஞ்சிய நேரத்தை அவர்கள் சொன்னதைத் திரும்பக் கேட்பதில் செலவழிப்போம்.